கரை சேர்ந்த பின்னர்

(திருவிழாச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திரெங்கானு மாநிலத்தின் மெராங் கரைக்கு அப்பால், கடலில் பிடோங் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு; நடுவே குன்று, ஓரத்தில் மணல், தென்னை மரங்கள். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்தீவு அகதி முகாமாகத் திறக்கப்பட்டது. 4,500 பேர் தங்குவதற்கென்று திட்டமிட்ட அவ்விடத்தில் 1979 ஜூன் வாக்கில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தனர். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்த பின்னர் வியட்நாமைவிட்டுப் படகேறியவர்கள் அவர்கள். மரப்பலகைகளையும் தார்ப்பாய்களையும் கொண்டு குடிசைகள் எழுப்பினார்கள். குன்றின்மேல் ஒரு புத்தர் கோயிலும் ஒரு கிறிஸ்தவ ஆலயமும் கட்டிக்கொண்டார்கள். குடிப்பதற்குத் தண்ணீரையும் உண்பதற்கு அரிசியையும் கரையிலிருந்து படகில் கொண்டுவரவேண்டியிருந்த ஓரிடத்தில், வழிபடுவதற்கு இடம் வேண்டுமென்று மனிதர்கள் நினைத்தார்கள் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இந்நாட்டு மக்களுள் மூத்தவர்களுக்கு அக்காலச் செய்திகள் மறந்திருக்கமாட்டா. 1978 நவம்பரில் ஏறத்தாழ 2,500 பேருடன் ஹாய் ஹோங் என்னும் பழைய சரக்குக் கப்பல் கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றது. அதிலிருந்தோர் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. வந்த படகுகளுள் ஏற்கப்பட்டவையும் உண்டு. கடலுக்கே திருப்பி இழுத்துச் செல்லப்பட்டவையும் உண்டு. சிங்கப்பூரிலும் செம்பாவாங் பகுதியிலுள்ள ஹாக்கின்ஸ் சாலையில் 1978 முதல் 1996 வரை ஒரு முகாம் இயங்கியது. பிடோங் முகாம் 1991 அக்டோபர் 30ஆம் நாள் மூடப்படும்வரை அதன் வழியே சென்றோர் ஏறத்தாழ 2,50,000 பேர்.

அவர்கள் எங்கே சென்றார்கள்? அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்சு என்று பட்டியல் சொல்லிவிடலாம். இந்த வட்டாரத்து மக்கள் அறிந்தது பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. முகாமில் பெயர் அழைக்கப்பட்டது, பேருந்து வந்தது, விமானம் ஏறினார்கள், கதை முடிந்தது. உண்மையில் கதையின் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மொழி தெரியாத ஊரில், உறைபனி கொட்டும் இரவில், மூன்று குழந்தைகளோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும் விமானத்திலிருந்து இறங்கும் குடும்பத்தை எதிர்கொள்வது யார்? அவர்களுக்கு வீடு பார்ப்பது யார்? மறுநாள் காலை அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுப்பது யார்? இந்த உரை அதைப் பற்றியதே. அதற்குக் கனடா நாட்டை எடுத்துக்கொள்வது பொருத்தம். ஏனெனில் அங்கே அவ்வேலையைப் பெரிதும் செய்தவர்கள் அரசாங்க அதிகாரிகள் அல்லர். வழிபாட்டுத் தலங்களைச் சேர்ந்த சாதாரணத் தொண்டூழியர்கள்.

கனடாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1978 ஏப்ரல் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அகதிகளுக்குத் தனியார் பொறுப்பேற்க அச்சட்டம் வழிவகுத்தது. குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்திற்குப் பொறுப்பேற்கலாம். வீட்டு வாடகை, உணவு, உடை, தட்டுமுட்டுச் சாமான், வழிகாட்டல் அனைத்தும் ஓராண்டுக் காலத்திற்கு, அல்லது அக்குடும்பம் சொந்தக் காலில் நிற்கும் வரைக்கும், அவர்கள் பொறுப்பு. பள்ளிக்கூடமும் மருத்துவமும் அரசின் பொறுப்பு. நாடளாவிய சமய அமைப்பு ஒன்று அரசுடன் ஒரு பொது ஒப்பந்தம் செய்துகொண்டால், அதன் கிளைச் சபைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சட்டச் சிக்கல்களில் மாட்டிக்கொள்ளாமல் பொறுப்பேற்க முடியும். சட்டப் புத்தகத்தில் வறட்சியாகக் கிடந்த இந்தப் பிரிவை முதலில் கையிலெடுத்தவர்கள் மெனனைட் என்னும் சிறு கிறிஸ்தவப் பிரிவினர். 1979 மார்ச் 5ஆம் நாள் அவர்களுடைய மத்தியக் குழு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மற்றத் திருச்சபைகள் பின்தொடர்ந்தன.

மெனனைட் மக்கள் ஏன் முந்திக்கொண்டார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. ரஷ்யப் புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் பஞ்சத்தையும் அடுத்து, உக்ரேன் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த அம்மக்களுள் ஏறத்தாழ 20,000 பேர் 1923க்கும் 1930க்கும் இடையில் கனடாவிற்குக் குடிபெயர்ந்தனர். பயணத்திற்குப் பணமில்லை. கனடியன் பசிபிக் இரயில் நிறுவனம் அவர்களுக்குக் கடனாகப் பயணச்சீட்டு வழங்கியது. முன்பே கனடாவில் குடியேறியிருந்த மெனனைட் சமூகம் அக்கடனுக்குப் பிணை நின்றது. 1924இல் ஒன்டேரியோ மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் இரயிலிலிருந்து இறங்கிய நூற்றுக்கணக்கானோரை, உள்ளூர் மெனனைட் விவசாயக் குடும்பங்கள் தத்தம் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றன. பின்னர் வந்தது உலகப் பொருளாதார மந்தம். வாங்கிய கடனை அடைக்க அச்சமூகத்திற்கு 1946 வரை ஆயிற்று. கடன் வாங்காத குடும்பங்களும் சேர்ந்தே அடைத்தன. ஆகவே 1979இல் தொலைக்காட்சியில் படகுகளைக் கண்டபோது, அவர்களுள் முதியவர்களுக்கு அது அயலார் கதையாகத் தோன்றவில்லை. இரக்கத்திற்கும் நினைவுக்கும் உள்ள உறவு இத்தகையது. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் நன்கொடைப் பெட்டியில் சில வெள்ளி விழுந்திருக்கும். நினைவும் சேர்ந்திருந்ததால் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது.

யூதச் சமூகத்திற்கும் அவ்வாறே ஒரு நினைவு இருந்தது. அது கசப்பான நினைவு. 1939இல் செயின்ட் லூயிஸ் என்னும் கப்பல் 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு கியூபாவிலும் அமெரிக்காவிலும் இடம் கிடைக்காமல் தவித்தபோது, கனடாவும் கதவைத் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பயணிகளுள் பலர் பின்னர் நாஜிகளின் கையில் மாண்டனர். அக்காலக் கனடிய அதிகாரிகள் யூத அகதிகளை எவ்வாறு தடுத்தார்கள் என்பதை இர்விங் அபெல்லா, ஹெரல்டு டுரோப்பர் என்னும் இரு வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களிலிருந்து தோண்டியெடுத்து எழுதிக்கொண்டிருந்தனர். அந்த ஆய்வு நூலாக வெளிவருமுன்பே, அதன் எழுத்துப் படி 1979இல் குடிநுழைவு அமைச்சர் ரான் அட்கியின் கைக்குச் சென்றது. தாமும் அவ்வாறு மறுத்த அமைச்சராக நினைக்கப்படக் கூடாதென்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1979 ஜூலையில் அரசு 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. பொதுமக்கள் பொறுப்பேற்கும் ஒவ்வோர் அகதிக்கும் ஈடாக அரசும் ஒருவரை ஏற்கும் என்பது அறிவிப்பின் உயிர்நாடி.

அதற்கு முன்பே மக்கள் இயங்கத் தொடங்கிவிட்டனர். டொரொன்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஹோவர்டு அடெல்மன் 1979 ஜூன் மாதத்தில் தம் வீட்டில் ஒரு கூட்டம் கூட்டினார். திருச்சபைகளையும் யூத ஆலயங்களையும் சேர்ந்தவர்கள் வந்தனர். அதிலிருந்து பிறந்ததே ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ என்னும் இயக்கம். தலைநகர் ஒட்டாவாவில் நகரத் தலைவர் மேரியன் டூவர் அம்மையார் 4,000 பேரைத் தம் நகரமே ஏற்கும் என்று முன்வந்தார். எதிர்ப்பும் இருந்தது. இத்தனை பேர் வந்தால் வேலை போய்விடும், நாடு நிறம் மாறிவிடும் என்று கூறியோர் சிலரல்லர். கருத்துக் கணிப்புகள் அதைக் காட்டின. ஆதரவும் எதிர்ப்பும் ஒரே தெருவில் குடியிருந்தன. இறுதிக் கணக்கில், 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் கனடா ஏற்ற இந்தோசீன அகதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 32,000க்கும் அதிகமானோர், தொண்டூழியக் குழுக்கள் பொறுப்பேற்றவர்கள். குழுக்களின் எண்ணிக்கை 7,000ஐத் தாண்டியது.

அன்பர்களே, எண்ணிக்கைகள் காதுக்கு இனியவை. ஆனால் தொண்டு என்பது எண்ணிக்கையில் நடைபெறுவதன்று. அது சமையலறையில் நடைபெறுகிறது.

விமானங்கள் எட்மன்டன் நகரின் கிரீஸ்பாக் படைமுகாமிலும் மான்ட்ரியால் நகரின் லாங்-பாயின்ட் படைமுகாமிலும் அகதிகளைக் கொண்டுசேர்த்தன. அங்கே மருத்துவப் பரிசோதனை. கம்பளி மேலாடை, காலணி, கையுறை. சில நாள் கழித்து ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று குறிக்கப்பட்ட ஊருக்கு அனுப்பப்பட்டது. அந்த ஊரில் ஒரு திருச்சபையின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசிய பத்துப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். வீடு பார்க்க இருவர், பழைய கட்டில் மேசை சேகரிக்க இருவர், பள்ளியில் சேர்க்க ஒருவர், பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒருவர், வரவு செலவு எழுத ஒருவர் என்று வேலை பிரித்திருப்பார்கள். ஆலயத் திருவிழாவிற்குக் குழு அமைத்துப் பழகிய எவருக்கும் இந்த ஏற்பாடு புதிதன்று. குழுவில் பெயர் கொடுத்தவர் ஒருவர், வேலை செய்தவர் வேறொருவர் என்பதும் எங்கும் உள்ளதே. அங்கும் பெரும்பாலும் வேலையைச் சுமந்தவர்கள் பெண்கள்.

முதல் வாரம் எளிது. எல்லாரும் வருவார்கள். பூங்கொத்து, புகைப்படம், உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி. குளிர்சாதனப் பெட்டி நிறையப் பாலும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கி அடுக்கிவிடலாம். ஆனால் அரிசிச் சோற்றிலும் மீன்சாற்றிலும் வளர்ந்த பிள்ளைக்குப் பாலாடைக்கட்டியின் வாசமே குமட்டும். வந்தவர்களோ மரியாதைக்கு அஞ்சி ஒன்றும் சொல்லமாட்டார்கள். ‘நன்றி’ என்று தலைதாழ்த்துவார்கள். மீன்சாறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து, சீனர் கடை இருக்கும் பக்கத்து நகரத்துக்கு வண்டியோட்டிப் போய் வந்த தொண்டூழியர்தாம் உண்மையில் வரவேற்றவர்கள். பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்க்கவேண்டும்; கையிலுள்ள வாளியையே பார்த்துக்கொண்டு நடந்தால், நிறைந்த இலையில் மேலும் கொட்டுவார், வெற்றிலையைத் தாண்டிப் போவார்.

அடுத்து வருபவை சின்னஞ்சிறு வேலைகள். அவற்றுக்கு முடிவே இல்லை. மின்அடுப்பின் திருகு, பேருந்தில் இறங்கவேண்டிய நிறுத்தம், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் சீட்டு, வங்கிக் கணக்கு, அவசரத் தொலைபேசி எண். குளிர்காலத்தில் சன்னலைத் திறந்து வைக்கலாகாது என்பதைச் சொல்லவேண்டும்; அதைச் சொல்லும்போது குரலில் சலிப்பு வரக்கூடாது. மொழி வகுப்புக்குத் தாய் போகவேண்டுமானால் கைக்குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும். இப்படி ஓராண்டு. சைகோனில் ஆசிரியராகவோ மருந்தாளராகவோ இருந்த ஒருவர் ஓட்டலில் தட்டுக் கழுவவும் அலுவலகத்தில் தரை துடைக்கவும் போவதைக் கண்டு, தேறுதல் சொல்லத் தெரியாமல் நின்ற தொண்டூழியர்கள் பலர். படிப்புச் சான்றிதழ்கள் கடலோடு போயிருந்தன. இருந்தாலும் அவை அங்கே செல்லுபடியாகவில்லை. போதாக்குறைக்கு, வந்த விமானத்தின் கட்டணமும் அக்குடும்பத்தின் தலைமேல் கடனாக இருந்தது. அதை அவர்கள் அரசுக்குத் தவணையில் திருப்பிச் செலுத்தவேண்டும். ஆனால் அக்கடன் அவர்களுக்குச் சுமையாக இருந்ததே தவிர, அவமானமாக இருந்ததில்லை. தொகை தெரிந்த கடன் அது. அவர்களை வருத்திய கடன் வேறு.

அதை வெளிப்படையாகப் பேசுவது நலம். ஏனெனில் தொண்டு செய்வோர் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும் பகுதி அது. பொறுப்பேற்றவர்கள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். வந்தவர்களுள் பெரும்பகுதியினர் பௌத்தர்கள், முன்னோர் வழிபாடு உடையவர்கள். மதமாற்றத்தைத் தொண்டோடு சேர்க்கக் கூடாதென்று பல திருச்சபைகள் தங்கள் குழுக்களுக்கு எடுத்துச் சொல்லின. பெரும்பாலான குழுக்கள் அதை மதித்தன என்றே கொள்ளவேண்டும். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வாசலில் வந்து நின்று, “வருகிறீர்களா?” என்று புன்னகையோடு கேட்டால், வீட்டு வாடகையை யார் கட்டுகிறார் என்று அறிந்த ஒரு குடும்பத் தலைவர் எவ்வாறு “இல்லை” என்பார்? கேட்டவருக்கு அது அழைப்பு. கேட்கப்பட்டவருக்கு அது கட்டளை. பல குடும்பங்கள் நன்றிக்காகவே சென்றன. ஓராண்டு முடிந்ததும் நின்றுவிட்டன. விரும்பியே சேர்ந்தவர்களும் உண்டு. லாவோஸ் நாட்டு ஹமோங் மக்கள் சிலர் வாட்டர்லூ வட்டாரத்தில் மெனனைட் சபையிலேயே இணைந்து நிலைத்தனர். எது விருப்பம், எது நன்றிக்கடன் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரித்தறிதல் அரிது. நல்ல குழுக்கள் செய்தது எளிமையான ஒன்று. அக்குடும்பத்தின் சொந்தக் கோயில் அருகில் எங்கே இருக்கிறது என்று தாங்களே தேடி, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். தம் தேவாலயத்திற்கு அழைப்பதைவிட அது கடினமான செயல். அதற்கு நம்பிக்கையில் உறுதி வேண்டும்.

பணத்திலும் இதே சிக்கல். குழு சேர்த்த பணம். ஒரு வெள்ளிக்கும் கணக்குக் காட்டவேண்டும். அதனால் வந்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிட்டது. வீட்டுக்குச் சரியான சோபா இல்லை, அதற்குள் தொலைக்காட்சிப் பெட்டியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. உணவைக் குறைத்துச் சேமித்த பணத்தை அந்தத் தாய், முகாமில் இன்னும் கிடக்கும் தன் தம்பிக்கும் ஊரில் விட்டுவந்த மாமியாருக்கும் அனுப்பினாள் என்று தெரிந்தபோது, “நாங்கள் கொடுத்தது உங்கள் சாப்பாட்டுக்கு அல்லவா?” என்று வருந்தியவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் தீய எண்ணமில்லை. கொடுத்தவர் தாம் காக்கவேண்டியது நால்வர் கொண்ட ஒரு குடும்பம் என்று எண்ணினார். பெற்றவளுக்கோ குடும்பம் என்பது இருபது பேர், அவர்களுள் பதினாறு பேர் கடலுக்கு அப்பால். தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சஞ்சிக் கூலியாய் வந்த தலைமுறை ரப்பர்த் தோட்டத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கு மணியார்டர் அனுப்பியதும் இதே கணக்கில்தான்.

மூன்றாவது ஒன்று நடந்தது; தொண்டூழியர்களை மிகவும் புண்படுத்தியது இதுவே. சிற்றூர்களில் ஒரே ஒரு குடும்பமாக வைக்கப்பட்டவர்கள், சில மாதம் கழித்தோ ஓராண்டு முடிந்ததுமோ, சாமான்களைக் கட்டிக்கொண்டு டொரொன்டோ, மான்ட்ரியால், வான்கூவர் போன்ற பெருநகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அங்கே வேலை இருந்தது. தம் மொழி பேசுவோர் இருந்தனர். இறந்தவருக்குச் சடங்கு செய்யத் தெரிந்தவர் இருந்தார். சிற்றூர்க் குழுவினருக்கோ வீடு வெறிச்சோடியது. எவ்வளவு செய்தோம், ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார்களே என்று மனமுடைந்தனர். நெடுநாள் கழித்தே சிலர் அதை வேறு விதமாகப் பார்த்தனர். தாமாக முடிவெடுத்து, தாமாக இரயில் சீட்டு வாங்கி, தெரியாத நகரத்தில் வீடு பார்க்கும் அளவுக்கு ஒரு குடும்பம் தேறிவிட்டதென்றால், குழு ஏற்ற வேலை முடிந்தது என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? சட்டம் ஓராண்டு என்று எல்லை வகுத்ததில் ஓர் அறிவு இருந்தது. எல்லையில்லாத உதவி, உதவுபவரை எசமானராக்கிவிடும். மாறாக, ஓராண்டுக்குப் பின்னும் உறவு தொடர்ந்த இடங்களில் அது வேறு உறவாயிற்று. குழுத் தலைவி நோயுற்றபோது அந்த வியட்நாமியத் தாய் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிய பின்னரே நட்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் வந்தது.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். மக்களின் ஆர்வம் எதிர்பார்த்ததைவிட மிகுந்ததைக் கண்டு, 1979 டிசம்பரில் அரசு தன் பங்கைக் குறைக்க முற்பட்டது. ஒருவருக்கு ஒருவர் என்ற வாக்குறுதியை நம்பி இறங்கிய திருச்சபைகள் கொதித்தெழுந்தன. தொண்டர் தூக்கும் சுமை அரசு தூக்கவேண்டியதற்கு மேலாக இருக்கவேண்டுமே அல்லாது அதற்குப் பதிலாக ஆகிவிடக் கூடாதென்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும், அரசு தன் பொறுப்பில் மேலும் 10,000 பேரை ஏற்றது. இதனாலேயே மொத்தம் 60,000 ஆயிற்று. இனிய முகத்தோடு தொண்டு செய்வோர் சில நேரம் கடுமையான முகத்தோடு அமைச்சர் வாசலில் நிற்கவும் வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1986ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் நான்சென் பதக்கம் கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு நாட்டின் மக்கள் அனைவருக்குமாக அப்பதக்கம் அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை. மற்றொன்று ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்தது. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை, கஸ் டால்ட்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் கண்டு காப்பாற்றினார்கள். செயின்ட் ஜான்ஸ் நகரின் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் கூறியதும், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று பின்னர் தெரியவந்ததும் நாடெங்கும் பெரும் சர்ச்சையாயிற்று. ஏன் பொய் சொன்னார்கள் என்ற கோபம் பத்திரிகைகளில் நிறைந்தது. 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட ஒரு மனிதர் திருப்பியனுப்பப்படுவோமோ என்று அஞ்சி என்ன சொல்வார் என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. எனினும் அரசு அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. தங்கி வேலை செய்ய அனுமதித்தது. மீனவர்கள் கேட்டதோ கேள்விகளே அல்ல. முதலில் படகில் ஏற்றினார்கள்.

வியட்நாமியருக்குக் கிடைத்ததைப்போல் இவர்களுக்கு முன்கூட்டியே வீடு பார்த்து வைத்த குழுக்கள் இல்லை. டொரொன்டோவிலும் மான்ட்ரியாலிலும் ஏற்கெனவே குடியேறியிருந்த தமிழர்களே அந்த இடத்தை நிரப்பினார்கள். ஒரு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் படுத்துறங்கினார்கள்; முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்கு வேலையிடம் காட்டினார். கையெழுத்தில்லை, ஒப்பந்தமில்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. ஆனால் திருச்சபையின் கீழ்த்தளத்தில் நடந்த அதே வேலைதான் அங்கும் நடந்தது. பின்னாளில் அந்நகரங்களில் எழுந்த சைவ ஆலயங்கள் பல, தொடக்கத்தில் வாடகைக் கட்டடங்களில் படம் வைத்து வழிபட்டவையே. வழிபாடு முடிந்ததும் எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேசிக்கொள்ளும் இடமாகவும் அவை இருந்தன.

கனடாவின் திட்டம் அதன் பின்னரும் நின்றுவிடவில்லை. 1979 முதல் இன்றுவரை தொண்டூழியக் குழுக்களின் பொறுப்பில் அந்நாட்டில் குடியேறியோர் 3,00,000க்கும் மேற்பட்டோர். 2015இல் சிரியா நாட்டு அகதிகளுக்காக டொரொன்டோவில் மீண்டும் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டபோது, பழைய பெயரை நினைவூட்டும்படி அதற்கு ‘லைஃப்லைன் சிரியா’ என்றே பெயரிட்டனர். 2015 நவம்பர் தொடங்கி 2016 பிப்ரவரி இறுதிக்குள் 25,000க்கும் அதிகமான சிரியர்கள் கனடா வந்து சேர்ந்தனர். அவர்களுக்குப் பொறுப்பேற்ற குழுக்களுள் திருச்சபைகள் இருந்தன. பள்ளிவாசல்களும் யூத ஆலயங்களும் இருந்தன. முன்பு படகில் வந்த வியட்நாமியர்களின் குழுக்களும் இருந்தன. பிடோங் போன்ற முகாம்களில் குழந்தைகளாய் வரிசையில் நின்றவர்கள், நடுத்தர வயதில், யாரோ ஒருவரின் குழந்தைக்குச் சரியான அளவில் பனிக்காலணி தேடினார்கள். அதற்கு எந்தக் கடைக்குப் போகவேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதை வந்தவர்களிடமே கேட்கவேண்டுமென்பதும் தெரிந்திருந்தது.

விண்ணப்பங்கள் பெருகிப் பெருகித் தேங்கின. ஒரு குடும்பத்துக்காகக் குழு சேர்ந்து, பணம் திரட்டி, வீடும் மனமும் ஒதுக்கி வைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 2024 நவம்பரில் அரசு, ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பங்கள் பெறுவதை நிறுத்திவைத்தது. பொது ஒப்பந்தம் கொண்ட சமய அமைப்புகளுக்கு அத்தடை இல்லை. 1979 மார்ச்சில் ஒரு சிறு பிரிவினர் இட்ட கையெழுத்தின் வழியில், அவ்வமைப்புகளின் குழுக்கள் ஆலயங்களின் கீழ்த்தளங்களில் கூடி, வீடு பார்ப்பவர் யார், பள்ளியில் சேர்ப்பவர் யார் என்று இன்னும் பெயர் எழுதிக்கொண்டிருக்கின்றன.